மாமல்லபுரம் சாப்பாட்டுக் கடைகள்: எது இருக்கு, எது இடம் மாறிச்சு, எது மூடிட்டாங்க?

சைக்கிள்காரன் | ஞாயிறு, மதியம் 12:10

இன்னைக்கு விடியற்காலை திருவான்மியூர்ல இருந்து நாலு பேர் சைக்கிள்ல மாமல்லபுரம் போனோம். ஒத்தவாடைத் தெருவுல ஒரு மாடிக்கடைதான் எப்பவும் எங்க எல்லைக்கல். பத்து வருஷமா அதே ஓரத்து மேஜை, அதே வாழைப்பழ பான்கேக், அதுக்கு மேல ஒரு ஃபில்டர் காபி. போய்ப் பார்த்தா மாடிப்படிக் கம்பிக்கதவுல பூட்டு தொங்குது. சுவத்துல இருந்த பேர் மேல வெள்ளையடிச்சிருக்காங்க. ஒரே கைதான் அடிச்சிருப்பாங்க போல, கிட்ட நின்னு பார்த்தா நீல எழுத்து இன்னும் மங்கலாத் தெரியுது. கீழே துணிக்கடை வெச்சிருக்கறவர்கிட்ட கேட்டேன். "பொங்கலுக்கு முன்னாடியே காலி பண்ணிட்டாங்க சார்", அவ்வளவுதான் சொன்னார்.

அப்புறம் பேருந்து நிலையம் பக்கம் போய் இட்லி வடை சாப்பிட்டுத் திரும்பினோம். அதுல குறை ஒண்ணும் இல்ல. ஆனா தெருவையே ஒரு சுத்து சுத்தினதுல, தெரிஞ்ச கடைகள்ல பாதியைக் காணோம். ஒண்ணு துணிக்கடை ஆயிடுச்சு, இன்னொண்ணு மசாஜ் சென்டர், ஒரு இடத்துல வெறும் "வாடகைக்கு" போர்டு. எது எங்க போச்சுன்னு தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்களேன்.

நடுவர் | ஞாயிறு, மதியம் 12:31

நல்ல இழை. ஒரு வேண்டுகோள்: மூடின கடைகளோட பேரையும் முதலாளி பேரையும் போடாதீங்க. சிலது வாடகை வழக்குல இருக்கு. "இன்ன தெரு, இன்ன மாடி"ன்னு சொன்னாலே தெரிஞ்சவங்களுக்குப் புரியும்.

நித்யா தாம்பரம் | ஞாயிறு, மதியம் 1:45

மூடினா மூடட்டும். கோவிச்சுக்காதீங்க, ஆனா அந்தத் தெருக் கடைகள் நமக்காகவா இருந்துச்சு? போன வருஷம் மாமியார், ரெண்டு பசங்களோட போயிருந்தோம். காரை எங்கேயோ விட்டுட்டு வெயில்ல நடந்து, செங்குத்தான படியில மாமியாரை ஏத்தி உக்கார வெச்சா, மெனுவுல முதல் ரெண்டு பக்கம் பாஸ்தா. மீன் கேட்டதுக்கு ஒரு தட்டுல நாலு மீனை வெச்சுக் கொண்டாந்து காட்டினாங்க. விலை கேட்டா "சைஸைப் பொறுத்து மேடம்". சாப்பிட்டு முடிச்சப்புறம்தான் தெரிஞ்சுது அந்த சைஸ் 2,400 ரூபாய்னு! கடை பேர் சொல்லல, நடுவர் கேட்டுக்கிட்டதால.

குப்பத்துக்காரன் | ஞாயிறு, மாலை 4:20

நான் அந்த ஊர்தான். அந்தப் பக்கம் இருபது வருஷம் சப்ளையர், அப்புறம் மூணு வருஷம் நானே ஒரு கடை. இப்ப இல்ல. அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

நித்யா மேடம் சொன்ன தட்டு இருக்கே, அதுதான் எங்க தொழிலே. எவர்சில்வர் தட்டுல வாழையிலை விரிச்சு, ஒரு கொடுவா, ரெண்டு சங்கரா, கைப்பிடி இறால், இருந்தா ஒரு சிங்கி இறால். மேஜைக்குக் கொண்டு போனதும் விரலால செவுளைத் தூக்கிக் காட்டணும். உள்ள சிவப்பா இருக்கும். அதைப் பார்த்ததும் வெள்ளைக்காரங்க முகம் மாறும் பாருங்க, அங்கயே பாதி வியாபாரம் முடிஞ்சுது. விலை எழுதிப் போட மாட்டோம்ங்கறது உண்மைதான். காலையில கரைக்கு என்ன வருதோ அதுதான் மெனு. ஆனா எடை போட்டுக் காட்டாம பில்லுல வெக்கறது தப்பு, அதுக்கு நான் வக்காலத்து வாங்கல.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1999. அப்ப கடை மணல்லயே இருந்துச்சு. தென்னங்கீத்து, பிளாஸ்டிக் நாற்காலி, மண்ணெண்ணெய் அடுப்பு ஒண்ணு, கேஸ் ஒண்ணு. 2004 டிசம்பர் 26 ஞாயித்துக்கிழமை, சீசன் உச்சம், டிபன் நேரம். தண்ணி உள்ள வாங்குனதைப் பார்த்துட்டுப் பெரியவங்க ஓடச் சொன்னாங்க. எங்க கடையில உசுர் சேதம் இல்ல. ஐஸ் பெட்டியை மட்டும் ரெண்டு தெரு தள்ளி ஒரு வீட்டு வாசல்ல கண்டெடுத்தோம். அதுக்கப்புறம்தான் முதலாளி "இனிமே மணல் வேணாம்டா"ன்னு மாடிக்குப் போனார். அந்த வருஷம் கடல் வெளியே தள்ளின பாறையையும் சிங்கச் சிற்பத்தையும் பார்க்க ஊரே கூடுச்சு, எங்களுக்கு அதுலயும் கொஞ்சம் வியாபாரம். சொல்லக் கூச்சமாத்தான் இருக்கு.

மாடிக்கடைக் காலம்தான் நல்ல காலம். மூன்ரேக்கர்ஸ், லெ யோகி, கெக்கோ மாதிரிப் பேரெல்லாம் வெளிநாட்டு வழிகாட்டிப் புத்தகத்துல வந்துச்சு. அந்தப் பக்கத்தைக் கிழிச்சுக் கையில வெச்சுக்கிட்டே பையோட வந்து இறங்குவாங்க. பிரெஞ்சுக்காரங்க ரொம்ப. ஒருத்தர் வந்தா பத்து நாள், சிலர் ரெண்டு மாசம். காலையில மியூஸ்லி, மத்தியானம் சாலட், ராத்திரி மீன். ஒரே ஆள் மூணு வேளையும் நம்ம கடையிலதான்.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, இரவு 8:05

குப்பத்துக்காரன் கடைசி ரெண்டு வரியில மொத்த விஷயத்தையும் சொல்லிட்டார். சாப்பாடு நல்லா இல்லாம அந்தக் கடைகள் மூடல. மூணு வேளை சாப்பிட்ட ஆள் போய், ஒரு வேளை மட்டும் சாப்பிடற ஆள் வந்தார். அந்த ஒரு வேளையும் சனி, ஞாயிறு மட்டும்.

மாசத்துக்கு எட்டு, ஒன்பது நாள் கூட்டம். வாடகை மட்டும் முப்பது நாளைக்கு. மாஸ்டரை வாரத்துக்கு ரெண்டு நாள் மட்டும் வெச்சுக்க முடியாது. அதுக்கு மேல ஜிஎஸ்டி. 2017 நவம்பர்ல இருந்து சாதாரண உணவகத்துக்கு 5 சதவீதம், ஆனா உள்ளீட்டு வரியை, அதாவது கடைக்கு வாங்கறதுக்குக் கட்டின வரியை, திருப்பி எடுக்க முடியாது. கட்டட உரிமையாளர் பதிவு பண்ணினவரா இருந்தா வாடகைக்கு 18 சதவீதம் போட்டுத்தான் பில் தருவார். அது அப்படியே கடைக்காரன் தலையில. 19 கிலோ சிலிண்டருக்கும் ஃப்ரீசருக்கும் கட்டின வரியும் அப்படித்தான். வெளியில பார்க்கறவனுக்கு 5 சதவீதம் குறைச்சலாத் தெரியும்.

மீன்பிடித் தடைக்காலத்தையும் சேர்த்துக்கோங்க. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள், மீன் கடைக்கு மீனே கிடையாது.

குப்பத்துக்காரன் | ஞாயிறு, இரவு 8:40

சார், கடைசி வரி மட்டும் சரியில்ல. தடை விசைப்படகுக்குத்தான். எங்க குப்பத்துல இருக்கறது சின்னச் சின்ன ஃபைபர் போட்டு, காலையில போய் மத்தியானத்துக்குள்ள திரும்பறது. அந்த ரெண்டு மாசமும் மீன் வரும். விசைப்படகு போகாததால மெட்ராஸ் வியாபாரிங்க நேரா எங்க கரைக்கே வந்துடுவாங்க. ஏலத்துல அவங்க கேக்கற விலைக்கு நாங்க எங்க போறது? மீன் கண்ணு முன்னாடி இருக்கும், வாங்கத்தான் முடியாது.

புலிக்குகை | திங்கள், காலை 9:15

எல்லாரும் சுத்தி வளைச்சுப் பேசறீங்க. 2019 அக்டோபர்ல சீன அதிபரும் பிரதமரும் வந்தாங்களே, அதுக்கு அப்புறம் ஊர் எங்கேயோ போயிடும்னு சொன்னாங்க. நடந்தது என்ன? அதுக்கு முன்னாடி பல நாள் ரோட்டோரக் கடையெல்லாம் எடுத்தாச்சு. முடிஞ்சப்புறம் உள்ளூர்க் கூட்டம் அலைமோதுச்சு, வெண்ணெய் உருண்டைப் பாறைக்கே டிக்கெட் போட்டாங்க. அஞ்சு மாசத்துல கொரோனா.

அடுத்து 2022-ல செஸ் ஒலிம்பியாட், ஜூலை 28-ல இருந்து ஆகஸ்ட் 10 வரைக்கும். உலகமே வந்துச்சு, ஆனா போட்டி நடந்தது ஊருக்கு வெளியே பூஞ்சேரிப் பக்கம் நட்சத்திர ஹோட்டல்ல. வீரர்களுக்குச் சாப்பாடும் அங்கங்க தங்கின ஹோட்டல்லயே. ஒத்தவாடைத் தெருவுக்கு அதுல என்ன கிடைச்சுது?

குப்பத்துக்காரன் | திங்கள், காலை 11:02

கிடைக்கவே இல்லன்னு சொல்ல முடியாது அண்ணே. சாயங்காலம் டீ-ஷர்ட்ல நாட்டுக் கொடியோட சில பசங்க நடந்து வருவாங்க. எங்க கடையில ரெண்டு பேர் பீட்சா சொல்லிட்டு, அது வர்றதுக்குள்ள உப்பு டப்பா, மிளகு டப்பா, டிஷ்யூ எல்லாத்தையும் காயா நகர்த்தி ஆடிக்கிட்டிருந்தாங்க. பீட்சாவை வெக்க இடம் இல்ல. கையில தட்டோட நின்னேன்.

சைக்கிள்காரன் | திங்கள், மதியம் 2:30

எனக்கு ஒரு சந்தேகம். 2021-22-ல தொல்லியல் துறை டிக்கெட் கணக்குப்படி இந்தியாவுலயே வெளிநாட்டவர் அதிகமா வந்தது மாமல்லபுரத்துக்குத்தான்னு பேப்பர்ல வந்துச்சே. 1,44,984 பேர், தாஜ்மகாலுக்கு 38,922 பேர்தான்னு. அப்புறம் எப்படிக் கடை மூடும்?

குப்பத்துக்காரன் | திங்கள், மதியம் 2:51

அந்த வருஷம் தெருவுல நாய்தான் சார் படுத்திருந்துச்சு. எந்தக் கேட்டுல எண்ணினாங்கன்னு தெரியல.

கணக்குப்பிள்ளை | திங்கள், மாலை 6:10

எண்ணிக்கை அரசு வெளியிட்டதுதான். ஆனா தேதியைப் பாருங்க. 2020 மார்ச் 13-ல சுற்றுலா விசாவை நிறுத்தினாங்க. திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 15. கிட்டத்தட்ட இருபது மாசம். வழக்கமான சர்வதேச விமானம் ஓட ஆரம்பிச்சது 2022 மார்ச் 27, அதாவது அந்த சீசன் முடிஞ்சப்புறம். அதனால அந்த எண்ணை எனக்கும் சந்தேகமில்லாம ஏத்துக்க முடியல.

அது சரியாவே இருந்தாலும், டிக்கெட் எடுத்தவர் வேற, ராத்திரி தங்கினவர் வேற. டூரிஸ்ட் வண்டியில பத்து மணிக்கு வந்து, ஐந்து ரதம், அர்ஜுனன் தபசு, கடற்கரைக் கோயில் பார்த்துட்டு, ஒரு மணிக்குப் புதுச்சேரிக்குக் கிளம்பறவர் உங்க மாடிப்படி ஏற மாட்டார்.

பாண்டி ராயர் | திங்கள், இரவு 9:33

புதுச்சேரியில இருந்து வர்றேன். எங்க ஊர்லயும் கடை திறக்கறதும் மூடறதும் தினசரி நடக்கறதுதான். ஆனா இங்க பழைய பிரெஞ்சு வீடு ஒண்ணு காலியானா அடுத்த மாசமே வேற ஒருத்தர் கஃபே போடறார். காரணம் சொல்லவா? சாப்பாட்டுல வர்ற நஷ்டத்தை பீர் பாட்டில் ஈடுகட்டிடும். மாமல்லபுரத்துல அதுக்கு லைசென்ஸ் பெரிய ஹோட்டலுக்குத்தான். சின்னக் கடைக்காரங்க என்ன பண்ணினாங்கன்னு பீங்கான் டீ கெட்டில்கிட்டதான் கேக்கணும்.

நடுவர் | திங்கள், இரவு 9:50

கெட்டில் பேச்சு இதோட போதும்.

புலிக்குகை | செவ்வாய், காலை 8:20

இன்னொண்ணையும் யாரும் சொல்லல. சமையலறையை ரெண்டடி நீட்டணும்னாக்கூட முடியாத தெருக்கள் இருக்கு. 2010 திருத்தச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்துல இருந்து 100 மீட்டருக்குப் புதுசா ஒரு செங்கல் வெக்கக் கூடாது, அதைத் தாண்டி 200 மீட்டருக்கு அனுமதி வாங்கணும். இந்த ஊர்ல கல்லை எறிஞ்சா பல்லவர் காலத்துப் பாறை மேலதான் விழும். கடல் பக்கம் போனா கடலோர ஒழுங்குமுறை மண்டலம், அங்கயும் கட்டடத்துக்குக் கட்டுப்பாடு. ரெண்டுக்கும் நடுவுல மாட்டின கடைக்காரன் ஒரு கழிவறை கட்டணும்னாலும் ஃபைலைத் தூக்கிக்கிட்டு அலையணும். அதான் எல்லாரும் ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் ஓடறாங்க.

நித்யா தாம்பரம் | செவ்வாய், காலை 10:05

புலிக்குகை சார், சட்டம் இல்லேன்னா அந்தச் சிற்பமெல்லாம் இன்னேரம் லாட்ஜ் காம்பவுண்டுக்குள்ள இருந்திருக்கும். அதுல எனக்கு உங்களோட உடன்பாடு இல்ல.

ஆனா ஈசிஆர் பக்கம் போறாங்கங்கறது உண்மை. இப்ப நாங்க போனா பூஞ்சேரிக்கு முன்னாடியே நிறுத்திடறோம். கார் நிறுத்த இடம், கீழ்த்தளம், சுத்தமான கழிவறை, பசங்களுக்குத் தோசை. ஊருக்குள்ள வண்டியோட போனா நுழைவுக் கட்டணம் வேற கட்டணும், அப்புறம் இடம் தேடணும். சாப்பிட்டு முடிச்சுட்டு கோயிலுக்கு மட்டும் உள்ள போறோம்.

குப்பத்துக்காரன் | செவ்வாய், மதியம் 12:48

மேடம் சொல்றதுதான் எங்களை முடிச்சுது. தப்பா சொல்லல, நடந்ததைச் சொல்றேன்.

நான் கடை எடுத்தது 2020 ஜனவரி. சிரிக்காதீங்க. பத்து மாச வாடகை அட்வான்ஸ், அதுக்கு மேல பழைய ஆளுக்கு மேஜை, நாற்காலி, பாத்திரம், பேர் எல்லாத்துக்கும் சேர்த்து குட்வில். வீட்டம்மா சங்கிலி போச்சு. ரெண்டு மாசம் நல்ல ஓட்டம். மார்ச் மாசம் ஒரு பிரெஞ்சு அம்மா, வருஷா வருஷம் வர்றவங்க, டிக்கெட் கிடைச்சு அவசரமாக் கிளம்பினாங்க. சாப்பிட்ட கணக்கு பாக்கி இருக்குன்னு மறுபடி ஆட்டோவைத் திருப்பிக்கிட்டு வந்து குடுத்துட்டுப் போனாங்க. கொரோனாவுக்கு முன்னாடி கல்லாவுல விழுந்த கடைசிப் பணம் அது.

திரும்பத் திறந்தப்ப தெருவே மாறிப்போச்சு. வர்றது நம்ம ஆளுங்க. தப்பில்ல. ஆனா பாஸ்தா வேணாம், பிரியாணி இருக்கான்னு கேட்டாங்க. பிரியாணி போட்டோம். பிரியாணிக்கு ஈசிஆர்ல அஞ்சு கடை இருக்கு, அங்க கார் நிக்கும். எங்க தெருவுல ரெண்டு ஆட்டோ எதிரெதிரே வந்தா ஒருத்தர் பின்னாடி போகணும். 2022 டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் எங்க ஊர்கிட்டத்தான் கரையைக் கடந்துச்சு, மாடிக் கூரைத் தகடு நாலு பறந்துடுச்சு. உரிமையாளர் "நீயே போட்டுக்கோ, வாடகையில கழிச்சுக்கலாம்"னார். கழிக்கல. அதோட சாவியைக் குடுத்துட்டேன்.

இப்ப போட்டுல போறேன். அப்பாவோட பங்கு. கரையும் முன்ன மாதிரி இல்ல, மணல் குறைஞ்சுபோய் போட்டை ஏத்தி வெக்க இடம் தேடணும். அது வேற கதை.

சைக்கிள்காரன் | செவ்வாய், மதியம் 1:30

அண்ணே, 2022-க்கு முன்னாடி நாங்க சாப்பிட்டதுல ஒண்ணு உங்க கடையாக்கூட இருந்திருக்கலாம். சிவப்புத் துணி போட்ட மேஜை, தூண்ல ஒரு மீன்வலை தொங்கும்?

குப்பத்துக்காரன் | செவ்வாய், மதியம் 1:41

அது எதிர்மாடி. வலை எங்க வீட்டுது, அவர் கேட்டு வாங்கித் தொங்கவிட்டார். இன்னும் திருப்பித் தரல.

நீங்க முதல்ல கேட்ட நீல எழுத்துக் கடை, அவங்க தொழிலை விடல. முதலாளி வெளியூர் போயிட்டார். ஆனா உங்க பான்கேக் போட்ட மாஸ்டர் திருக்கழுக்குன்றத்து ஆள். அவரும் பாத்திரம் கழுவின பையனும் சேர்ந்து பூஞ்சேரியில இருந்து திருக்கழுக்குன்றம் போற ரோட்டுல, பெட்ரோல் பங்க் தாண்டி இடது கை பக்கம், ஒரு ஓட்டு வீட்டுல டிபன் கடை போட்டிருக்காங்க. போர்டு இல்ல. வாசல்ல நீல டிரம் இருக்கும்.

கணக்குப்பிள்ளை | செவ்வாய், மாலை 7:00

போர்டு இல்லாம இருந்தா உள்ளாட்சி லைசென்ஸ், உணவுப் பாதுகாப்புப் பதிவு எல்லாம் இருக்கான்னு கேட்டுக்கோங்க. சின்னக் கடைக்கு வருஷம் 100 ரூபாய்ப் பதிவுதான், அதை விட்டுட்டு மாட்டிக்கக் கூடாது.

குப்பத்துக்காரன் | செவ்வாய், மாலை 7:12

பதிவு இருக்கு சார். சர்ட்டிபிகேட்டை சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருக்கார். போர்டுக்குத்தான் பெயிண்டர் வரல.

சைக்கிள்காரன் | ஞாயிறு, காலை 11:50

போயிட்டு வந்தாச்சு. நீல டிரம்மைத் தாண்டிப் போயிட்டு அரைக் கிலோமீட்டர் திரும்பி வந்தோம். அஞ்சு மேஜை, ரெண்டு பழைய கடையில இருந்து வந்தது. ஒண்ணுல நான் சைக்கிள் சாவியால கீறின கோடு இருக்கு, சந்தேகமே இல்ல. வெண்பொங்கல்ல மிளகு சரியா உடைஞ்சிருந்துச்சு, முழுசாவும் இல்ல பொடியாவும் இல்ல. எட்டே காலுக்கு வடை தீர்ந்துடுச்சு. கல்லு வேலைக்குப் போற சிற்பிங்கதான் பாதிக் கூட்டம், கையில உளிப்பையோட.

பான்கேக் கேட்டேன். மாஸ்டர் என்னைப் பார்த்துட்டு, "நாலு சைக்கிள் சார்தானே, இங்க அதை யாரு கேக்கறா? முந்தின நாள் போன் பண்ணுங்க, பழம் வாங்கி வெக்கறேன்"னார். காபி மட்டும் பழைய மாதிரி இல்ல, பால் அதிகம். சொன்னேன். "இங்க இப்படித்தான் கேக்கறாங்க"ன்னு சொல்லிட்டு எனக்கு மட்டும் இன்னொண்ணு போட்டுக் குடுத்தார்.

நடுவர் | ஞாயிறு, மதியம் 12:15

மேல இருந்த பதிவுல போன் நம்பரை எடுத்துட்டேன். தனிச்செய்தியில வாங்கிக்கோங்க.

நித்யா தாம்பரம் | ஞாயிறு, மதியம் 1:20

கார் நிக்குமா அங்க?

சைக்கிள்காரன் | ஞாயிறு, மதியம் 1:34

ரெண்டு நிக்கும் மேடம். ஒண்ணு வாசல்ல, ஒண்ணு புளியமரத்தடியில. மரத்தடியில விட்டா கண்ணாடி மேல காக்கா எச்சம் நிச்சயம். ஏழரைக்கே போனீங்கன்னா வாசல் கிடைக்கும், வடையும் கிடைக்கும்.